நடக்காத மறுபோட்டியும் நானூறு கிராமும்

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற வேலையில் இருக்கிறார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. மூக்கு இடது பக்கமாக ஒதுங்கியிருக்கும். வலது புருவத்தில் ஒரு தழும்பு, அங்கே முடி முளைக்காது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஜாக்கி நழுவி அடிபட்டது என்று நினைத்து, "இது எப்படிண்ணே?" என்று கேட்டுவிடுவார்கள். உடனே மற்றவர்கள், "கிளப்பிவிட்டுட்டியா? போச்சு, இன்னிக்கி வண்டி வெளிய போனமாதிரிதான்" என்று சிரிப்பார்கள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைக்க ஆரம்பிப்பார்.

அவர் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். பதினோரு போட்டிகளில் ஒன்பது வெற்றி. தோற்ற இரண்டில் ஒன்றை அவர் மறந்தேபோய்விட்டார். இன்னொன்றை மறக்கவில்லை. ஆறு சுற்று. எதிரே நின்றவனை எல்லாரும் நெட்டை என்பார்கள். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் நெட்டை பக்கம் புள்ளி போட்டுவிட்டார்கள், ஒருவர் மட்டும் இவர் பக்கம். கூட்டம் கத்தியது. கடைசியில் நாற்பது நாள் கழித்து மறுபோட்டி வைப்பதாகச் சங்கத்துக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த மறுபோட்டி நடக்கவே இல்லை. நடக்காத அதைத்தான் இருபத்தெட்டு வருஷமாக அவர் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து நடத்திக்கொண்டிருக்கிறார்.

மதியம் சாப்பாடு கொண்டுபோகிற நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்பேன். காலி டப்பாவை வாங்கிவர வேண்டுமே.

"மாஸ்டர், நேத்து நெட்டையை எந்தச் சுத்துல படுக்க வச்சீங்க?"

"மூணாவதுல."

"முந்தாநேத்து ரெண்டாவதுன்னீங்களே?"

"முந்தாநேத்து அவன் இடது கையை ஒழுங்கா தூக்கல. நேத்து கொஞ்சம் உஷாரா வந்தான்."

எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், வாய் சும்மா இருக்காது. "எனக்கும் என் மச்சானுக்கும்கூட ஒரு சண்டை பாதியில நிக்குது மாஸ்டர். விலக்கிவிட்டுட்டாங்க. முழுசா நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார் ஒருநாள்.

இவர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "உன் மூச்சுக்கு ஒரு சுத்து தாங்காது. ஆனா அதுக்குள்ள உங்கக்கா நடுவுல வந்திருப்பா. அவ கையில ரெண்டு பேரும் அவுட்டு."

டிப்போவே சிரித்தது. அவருக்கு அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ரேடியோவில் கேட்ட சண்டை, பத்திரிகையில் படித்த சண்டை, மறுபடி மோதாமலே இரண்டு பேரும் கிழவர்களாகிப்போன சண்டை என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், யார் எந்தக் கையை முதலில் நீட்டுவான், எந்தச் சுற்றில் யாருக்குக் கால் தள்ளாடும் என்று நேரில் பார்த்ததுபோலச் சொல்லி முடித்துக்கொடுப்பார். ஆனால் எல்லாம் சுற்றி வந்து நெட்டையிடம்தான் நிற்கும்.

நெட்டை விழுகிற விதத்தை வைத்தே எனக்கு அவருடைய அன்றைய நாள் தெரிந்துவிடும். மேலதிகாரி திட்டியிருந்தால் முதல் சுற்றிலேயே, அதுவும் தாடை உடைந்து விழுவான். எங்கள் மகள் பிறந்த வருஷம் முழுக்க நெட்டை கௌரவமாகத் தோற்றான், கடைசியில் கை கொடுத்துவிட்டுப் போனான். இவருக்கு முழங்கால் வலி வந்தபிறகு யாரும் கீழே விழுவதில்லை. ஆறு சுற்றும் போய், மூன்று நடுவரும் இவர் பக்கம் புள்ளி போடுவார்கள். தோற்றதாக மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

சொல்லி முடித்ததும் யாராவது, "அப்புறம் ஏன் மாஸ்டர் நடக்காமப் போச்சு?" என்பார்கள். அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்பார்கள்.

"தராசு" என்பார் இவர். "அறுபது கிலோவுக்குள்ள இருக்கணும். வீட்டுலேருந்து கிளம்பும்போது உடம்பு காத்து மாதிரி இருந்துச்சு. அந்தத் தராசுக்காரன் கல்லை நகத்தி நகத்தி, நானூறு கிராம் அதிகம்னான். ஒரு மணி நேரம் கம்பளி போத்திக்கிட்டு ஓடினேன். மறுபடி ஏறினா, இருநூத்தம்பது அதிகம்னான். வாங்கிட்டான். நெட்டை பக்கம் காசு வாங்கிட்டான்."

போட்டியை ரத்து செய்தார்கள். அடுத்த மாதமே நெட்டை கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அன்றைக்குக் கூட்டம் நாற்காலிகளை உடைத்தது. இவர் எல்லார் முன்னாலும் தராசுக்காரரின் சட்டையைப் பிடித்து "விலைபோனவனே" என்றார். சங்கத்துக்காரர்கள் ஊர் வாயை அடைக்க அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பதினேழு வருஷம் அந்தக் குத்துச்சண்டை அரங்கத்தின் சாவியும் தராசும் அவர் கையில்தான் இருந்தன. அதற்கப்புறம் அவருக்குக் கிடைத்தது பழைய இரும்புக் கடையில் எடை போடுகிற வேலை. அங்கேயும் "நானூறு" என்றுதான் கூப்பிட்டார்கள். "நானூறு அண்ணே, கல்லைக் கொஞ்சம் கண்ணுல காட்டுங்க" என்பார்கள். அவர் பெயரே ஊருக்கு மறந்துபோனது.

தராசு சரியாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. எடை பார்ப்பது மாலை நான்கு மணிக்கு. முந்தின நாள் காலையிலிருந்து அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. தகரக் கூரை போட்ட அறை, கொளுத்துகிற வெயில். உடம்பிலிருக்கிற நீர் வற்ற வேண்டும் என்று இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்திருந்தார். படுக்கும்முன் என்னிடம், "நானே கேட்டாலும் குடுக்காத" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். நான் மட்டும்தான் காவல்.

கொஞ்ச நேரத்தில் அவர் தூக்கத்திலேயே முனக ஆரம்பித்தார். உதடு வெடித்துத் தோல் தொங்கியது. நாக்கு வெளியே வந்து உதட்டைத் தேடியது, அதிலும் ஈரமில்லை. "தண்ணி" என்றார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். மறுபடி "தண்ணி" என்றார், சின்னப் பிள்ளை அழுகிற குரலில். முதலில் துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். துணியை அவர் பல்லால் கடித்து உறிஞ்சினார். அதைப் பார்த்தபிறகு என்னால் முடியவில்லை. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் கொடுத்தேன். கண் திறக்காமலே குடித்தார். இன்னொன்று. இன்னொன்று. மூன்று பெரிய டம்ளர்.

தண்ணீருக்கு எடை உண்டு என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தினமும் இடுப்பில் குடம் சுமந்தவள்தான் நான். ஆனால் வறண்ட தரையில் ஊற்றினால் காணாமல் போகிறதே, அப்படி அந்த உடம்புக்குள்ளும் காணாமல் போய்விடும் என்று நினைத்தேன். இதைத்தான் நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

அவர் எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. "நல்லாத் தூங்கிட்டேன். உடம்பு காத்து மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

இரவு அவருடைய மாஸ்டர் வீட்டுக்கு வந்து, "உண்மையச் சொல்லு, ஏதாவது குடிச்சியா?" என்று கேட்டார். இவர் தன் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அது அவரளவில் உண்மையான சத்தியம். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்தால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்ற பயத்தில் நாக்கு எழவில்லை. நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் தராசுக்காரரை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, இனிமேல் எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது.

நான் கடவுளைப் பிடித்துக்கொண்டது அந்த வாரத்திலிருந்துதான். விடியுமுன் எழுந்து பிரார்த்தனை செய்வேன். தெருவில் யார் நோயில் படுத்தாலும் போய்க் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். பிரசவம், சாவு எதுவானாலும் முதலில் நிற்பேன். ஜனங்கள் "அக்கா மாதிரி மனசு யாருக்கு வரும்" என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். ஆனால் அது இல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் தராசுக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுபதைத் தாண்டியிருந்தார். இரும்புத் துரு ஏறிய விரல்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நின்றுகொண்டே என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"அரங்கத்துக்கு அம்பது வருஷம் ஆகுது தம்பி. அங்க வேலை பாத்தவங்க பேரெல்லாம் எழுதி ஒரு பலகை வைக்கிறாங்க. கூட்டிப் பெருக்கினவங்க பேருகூட இருக்கு. என் பேரு இல்ல."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"சங்கத்துச் செயலாளரைக் கேட்டேன். அந்த வீரர் வந்து, தராசு மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொன்னா சேத்துடறோம்னார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பணம் காசு வேணாம். பேரு மட்டும். என் பேரப்பிள்ளைங்க பாக்கணும்."

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "தராசு சரின்னா அப்ப நான் பொய்யன்னு ஆகும்" என்றார்.

"அடுத்த நாளே எடைக்கல் வச்சு மூணு தடவை பாத்தேன் தம்பி. ஒரு கிராம் பிசகல."

"பாத்தது நீங்கதான?"

தராசுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது. "வேணாம்மா" என்று படி இறங்கினார்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடிப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் அந்தத் துரு ஏறிய விரல்தான் தெரிந்தது. பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பேரையும் நேரில் வைத்துப் பேசிவிடலாம் என்று செயலாளர் சொல்லியனுப்பினார். நானும் வருகிறேன் என்றேன். "நீ எதுக்கு?" என்றார் இவர். "சும்மாதான்" என்றேன்.

அரங்கத்தின் அலுவலக அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். டிப்போக்காரர்கள் நாலைந்து பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், எலக்ட்ரீஷியன் உட்பட. தராசுக்காரர் கதவோரமாக நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்தப் பழைய தராசு மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

செயலாளர் கேட்டார். இவர் ஆரம்பித்தார். கம்பளி, ஓட்டம், நானூறு, இருநூத்தம்பது எல்லாம் வந்தன. பிறகு, எடை சரியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுந்து நின்றே காட்டத் தொடங்கிவிட்டார். ஐந்தாவது சுற்று. நெட்டை இடது கையை நீட்டுகிறான், இவர் குனிந்து உள்ளே போகிறார், விலா எலும்புக்குக் கீழே ஒன்று. ஐம்பத்தாறு வயதில் அந்த உடம்பு அப்படி வளைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். வந்த காரியத்தையே மறந்துவிட்டார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

"தராசு சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். "அன்னிக்கு மத்தியானம் இவர் தூக்கத்துல தண்ணி கேட்டார். நான்தான் குடுத்தேன். மூணு டம்ளர். இவருக்கே தெரியாது. இந்த ஐயா மேல ஒரு தப்பும் இல்ல."

தராசுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவர் முகத்தில் ஏதோ ஒன்று இற்று விழுந்ததை நான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. அடுத்த நொடியே சிரித்துவிட்டார்.

"அவ அப்படித்தாங்க. குளிக்கிற தண்ணியில எறும்பு கிடந்தா அதைக் கரையேத்திட்டுத்தான் குளிப்பா. பெரியவரைப் பாத்ததுலேருந்து பத்து நாளா சாப்பிடல. அவருக்காகப் பழியைத் தன் தலைல போட்டுக்கறா."

எல்லார் முகமும் இளகியது. எலக்ட்ரீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா எங்கம்மா படுத்தப்ப பதினாறு நாள் வந்து பாத்தவங்க. எதுவும் செய்வாங்க" என்றார்.

"சாமி சத்தியமா சொல்றேன்" என்றேன். "என் மக மேல ஆணையா."

"பாத்தீங்களா?" என்றார் செயலாளர், சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்து. "அடுத்தவருக்காகப் பொய்ச்சத்தியமே பண்றாங்க. அக்கா, நீங்க தெய்வம். ஆனா இதை நாங்க எழுத்துல எடுத்துக்க முடியாது."

நான் அழுதேன். அழுதது இன்னும் கெடுத்தது. யாரோ என்னை உட்காரவைத்து விசிறினார்கள். நான் தலையை நிமிர்த்தியபோது கதவோரம் ஆளில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு அவர் எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தார். நிழற்குடையில் உட்கார்ந்த பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சின்ன டம்ளரா, பெரிய டம்ளரா?"

"பெரிசு."

அவர் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. மூன்று டம்ளரை நானூற்றிலிருந்து கழித்துப் பார்த்தார் போல. "அப்ப நான் அறுபதுக்கு உள்ளதான் இருந்திருக்கேன்" என்றார். "நல்லாவே உள்ள இருந்திருக்கேன்."

"திரும்பிப் போலாங்க. எல்லாரும் இன்னும் அங்கதான் இருப்பாங்க. நான் சொன்னா நம்பல. நீங்க சொன்னா நம்புவாங்க."

"போய்?"

"அவரோட பேரு..."

"அவனுக்குப் பேரு வரும். எனக்கு?" என்றார். "பொண்டாட்டி குடுத்த தண்ணியக் குடிச்சுட்டு ஒரு ஏழை மேல பழி போட்டவன். அதான எம்பேரு? இருபத்தெட்டு வருஷமா நான் ஜெயிச்சதெல்லாம் எங்க போகும்?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் என்னை அடித்திருக்கலாம். வாய்விட்டுத் திட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. இதுவரைக்கும் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

மறுநாள் நானே ஒரு தாளில் எழுதினேன். கோணல்மாணலான எழுத்துதான், ஆனால் உண்மை. கீழே கையெழுத்துப் போட்டு, பழைய இரும்புக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். தராசுக்காரர் உடைந்த சைக்கிள் சக்கரங்களை எடை போட்டுக்கொண்டிருந்தார். தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுக்கப் படித்தார்.

"இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"பயம் ஐயா. வாழவிட மாட்டாருன்னு பயம்."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எடை சொல்கிற குரலில் சொன்னார். "அன்னிக்கு நீங்க வெறும் புதுப்பொண்ணு. இப்ப உங்களுக்கு நல்ல பேரு ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. உங்க வாயில எது வந்தாலும் அது இரக்கமாயிடுது."

"என்னை மன்னிச்சுடுங்க ஐயா."

அவர் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "மன்னிப்பும் உங்களுக்கே வேணுமா?" என்றார். பிறகு லாரி ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. "தள்ளி நில்லுங்கம்மா, இரும்பு இறக்கணும்" என்று கையைக் காட்டினார். தள்ளி நின்றேன். அவர் மறுபடி என் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தத் தாளைச் செயலாளரிடமும் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசை இழுப்பறையில் வைத்தார்.

விழா மூன்று வாரம் கழித்து நடந்தது. பளபளவென்று மெருகேற்றிய மரப்பலகை, வெள்ளை எழுத்து. நான் ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். அவர் பெயர் இருக்க வேண்டிய வருஷங்களில் இடைவெளிகூட விடவில்லை, முன்னே இருந்தவரையும் பின்னே வந்தவரையும் ஒட்டவைத்து எழுதியிருந்தார்கள். அவர் விழாவுக்கு வரவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

என் வீட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் துண்டு போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "நெட்டைகூட நடக்காத அந்தச் சண்டையை ஒரு தடவை சொல்லுங்க மாஸ்டர்" என்று கூட்டம் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் மைக்கையே பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, சொல்லிவிட வேண்டும் என்று கடவுளைக் கெஞ்சினேன்.

"அன்னிக்கு மட்டும் தராசு சரியா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

இந்தத் தடவை நெட்டை எழுந்திருக்கவே இல்லை. முதல் சுற்று, முதல் குத்து. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் அவர் முடித்ததில்லை. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. அவர் கண்கள் என்னைத் தேடவில்லை, பலகை இருந்த பக்கமும் போகவில்லை. வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் முழங்கையைத் தட்டினாள். "என்னக்கா சும்மா உக்காந்திருக்கீங்க? உங்க வீட்டுக்காரருக்குத்தான தட்டறாங்க. தட்டுங்கக்கா."

தட்டினேன்.